"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" - திருப்புட்குழி பொண்ணு ஹவுஸ் மியூசிக் கிளப்புக்குப் போன கதை!

"ஏய்... பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

தோழியின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். அவள் ஆடுவதை நிறுத்தாமலே சிரித்தாள். "லூசு, இதுதான் பாட்டு. ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆகுது!"

சென்னையில் ஒரு ஹோட்டலுக்குள் இருக்கும் கிளப். சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. 'டும்... டும்... டும்... டும்...' என்று ஒரே அடி. பல்லவி இல்லை, சரணம் இல்லை. அனிருத்தும் இல்லை, யுவனும் இல்லை. எப்போதாவது ஒரு பெண் குரல் வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் காணாமல் போகிறது. அந்த அடிக்கு நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள். நான் மட்டும் கையில் லைம் சோடாவோடு, கல்யாண வீட்டில் தெரிந்த முகம் தேடும் சொந்தக்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் டெஸ்க்கில் 'ஹவுஸ் மியூசிக் நைட்னா என்ன, இந்த வயசுப் பசங்க ஏன் போறாங்க?' என்று ஒரு ஸ்டோரி பேசினோம். "நீ போயிட்டு வந்து எழுது" என்றார்கள். இது அந்த ஸ்டோரிதான். ஆனால், சென்னையில் ஆரம்பித்த இது எங்கள் ஊர்த் திண்ணையில் போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்க ஊரு எது தெரியுமா?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போனவர்கள் எல்லோருமே எங்கள் ஊரைக் கடந்திருப்பீர்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. சீதையைக் காப்பாற்றப் போராடி உயிரைவிட்ட ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். புள் என்றால் பறவை. அதனால்தான் திரு-புள்-குழி. ராமானுஜர் சின்ன வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் படித்ததும் இங்கேதான் என்று சொல்வார்கள்.

இந்தப் பக்கம் போனால் சென்னை, அந்தப் பக்கம் போனால் பெங்களூரு. இரண்டு ஊரின் கிளப்புகளுக்கும் போகிற கார்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் வழியாகத்தான் பாட்டுச் சத்தத்தோடு போகும். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவள். உள்ளே போய்ப் பார்த்தது இல்லை.

படிப்பை முடித்து, சென்னையில் வேலைக்கு வந்து, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆபீஸ் வேலையாகத்தான் போகிறேன், ஆனாலும் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "ஃப்ரெண்டு வீட்ல பர்த்டேம்மா, அங்கயே தங்கிடறேன்" என்றேன். தோழி வீட்டில் தங்கியது மட்டும்தான் அதில் உண்மை.

வாசலில் ஆரம்பிக்கும் கணக்கு

கிளப் வாசலில் முதலில் ஐடி கார்டு கேட்டார்கள். தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே டான்ஸ் ஃப்ளோர் பாரோடு சேர்ந்தே இருப்பதால், ஆட மட்டும் வருபவர்களுக்கும் அதே வயது வரம்புதான். எனக்குப் பின்னால் நின்ற மூன்று பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். "ஸ்டாக் என்ட்ரி இல்ல சார்." அதாவது, பெண் துணை இல்லாமல் ஆண்கள் தனியாக வந்தால் உள்ளே விட மாட்டார்கள். பெண்களுக்கு அன்றைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே போன பிறகுதான் யோசித்தேன். நம்மை ஏன் இலவசமாக விடுகிறார்கள்? நாம் இருந்தால்தான் காசு கொடுப்பவர்கள் வருவார்கள் என்பதுதானே கணக்கு?

பாரில் லைம் சோடா கேட்டேன். "அதுல என்ன மேடம் கலக்கணும்?" "உப்புண்ணா" என்றேன். அவர் சிரிக்காமல் போட்டுக் கொடுத்தார். விலையைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

அந்த 'டும் டும்' என்ன?

ஹவுஸ் மியூசிக்கைப் புரிந்துகொள்ள சங்கீத ஞானம் எதுவும் தேவையில்லை. நாலு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கனமான டிரம் அடி. இரண்டிலும் நாலிலும் ஒரு கைத்தட்டல். இரண்டு அடிகளுக்கு நடுவே 'ட்ஸ்... ட்ஸ்...' என்று ஜால்ரா மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான் அஸ்திவாரம்.

வேகம், நிமிடத்துக்கு 120 அடியிலிருந்து 130 அடி வரை. வேகமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்குமே, ஏறக்குறைய அந்த வேகம். 120 என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரத்தில் 14,400 அடி!

நம் சினிமாப் பாட்டு நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த பாட்டு வருவதற்குள் ஒரு இடைவெளி. இங்கே அந்த இடைவெளி கிடையாது. டி.ஜே. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கரைத்துவிடுகிறார். எது எங்கே முடிந்தது, எது எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. அதனால்தான் எனக்குப் பாட்டு ஆரம்பிக்கவே இல்லை என்று தோன்றியிருக்கிறது.

ஒரு கட்டத்தில் அந்த அடியை நிறுத்திவிட்டார். திடீரென்று அறை காலியானது போல இருந்தது. கீபோர்டு சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எல்லோரும் கையைத் தூக்கிக் காத்திருக்கிறார்கள். பிறகு 'டும்' என்று அது திரும்பி வந்தபோது, நானே அறியாமல் குதித்திருந்தேன். டம்ளரை எப்போது மேசையில் வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

எனக்கு டான்ஸ் தெரியாது. ஆனால் அங்கே யாரும் ஸ்டெப் போடவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. ஸ்கூல் ஆண்டு விழாவில் மூன்றாவது வரிசையில் நிறுத்தப்பட்ட எனக்கு, அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

ஒரு பழைய கட்டடத்தில் பிறந்த இசை

திரும்பி வந்த பிறகுதான் இதன் கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் சிகாகோ நகரம். 1977-ல் அங்கே ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 'தி வேர்ஹவுஸ்' என்ற கிளப் தொடங்கியது. அதன் டி.ஜே. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற இளைஞர். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலின ஈர்ப்பாளர்கள். நிறத்துக்காகவும் பாலின அடையாளத்துக்காகவும் வெளியே பல இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள். வீட்டிலும் இடம் இல்லாதவர்கள் அதில் உண்டு. சனிக்கிழமை இரவு உள்ளே போனால் ஞாயிறு பகலில்தான் வெளியே வருவார்கள்.

அந்த வேர்ஹவுஸில் போடுகிற மாதிரியான இசை என்பதுதான் சுருங்கி, 'ஹவுஸ்' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க் காரணம்.

1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில் இன்னொரு சம்பவம். கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துக்கு, வெறுக்கிற டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டு வந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். சேர்ந்த ரெக்கார்டுகளை மைதானத்தின் நடுவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ செத்துவிட்டது என்று எழுதினார்கள்.

ஆனால், டிஸ்கோவை நேசித்தவர்கள் எங்கே போவார்கள்? கையில் இருந்த பழைய ரெக்கார்டுகளையும், விலை குறைந்த டிரம் மெஷின்களையும் வைத்துத் தாங்களே இசை செய்ய ஆரம்பித்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த டி.ஆர்-808, டி.ஆர்-909 ஆகிய மெஷின்கள்தான் அவர்களுக்கு வாத்தியக் கோஷ்டி. 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' ரெக்கார்டை முதல் ஹவுஸ் ரெக்கார்டுகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். 1987 ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லி என்ற சிகாகோ இளைஞரின் பாட்டு பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனது.

ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014-ல் காலமானார். 2004-லேயே அந்தக் கிளப் இருந்த தெருவுக்கு அவர் பெயர் சூட்டிவிட்டார்கள். 2023-ல் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக சிகாகோ நகராட்சி அறிவித்தது.

நம்ம நாட்டு கனெக்‌ஷன்!

இந்த இசையின் ஒரு கிளைக்கு 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர். தண்ணீர் கொப்பளிப்பதுபோல நெளிந்து நெளிந்து வரும் ஒரு பேஸ் சத்தம்தான் அதன் அடையாளம். அந்தச் சத்தம் வந்தது ரோலண்டின் டி.பி-303 என்ற சின்னப் பெட்டியிலிருந்து. தனியாக வாசித்துப் பழகும் கிடார் கலைஞர்களுக்கு, கூட பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கச் செய்த கருவி அது. சரியாக விற்காமல், தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்ததைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற ரெக்கார்டைக் கொண்டுவந்தார்கள்.

இதே கருவிகளை வைத்து அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1982-ல், மும்பையில் ஒருவர் ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். பெயர் சரண்ஜித் சிங். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். ஆல்பத்தின் பெயர் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. யமன், பூபாளி, மால்கௌன்ஸ் என்று பத்து இந்துஸ்தானி ராகங்கள். நம் பக்கத்துப் பெயரில் சொன்னால் கல்யாணி, மோகனம், இந்தோளம். இவற்றை சிந்தசைசரில் வாசித்து, கீழே டி.பி-303 பேஸையும் டிரம் மெஷினையும் ஓடவிட்டிருக்கிறார்.

அன்றைக்கு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனபோது, ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு முன்பே இது எப்படி வந்தது என்று உலகமே வாயைப் பிளந்தது. எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் வெளிநாட்டு மேடைகளில் போய் வாசித்தார். 2015-ல் காலமானார். சிகாகோகாரர்கள் இவரைக் கேட்டு அந்த இசையைச் செய்யவில்லை. இவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஒரே கருவி, இரண்டு தேசங்களில் தனித்தனியாக ஒரே மாதிரி பேசியிருக்கிறது.

அந்த ஆல்பத்தை நெட்டில் தேடி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வீட்டில் பாட்டு கற்ற பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். ராகத்தை அவர்கள் முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிளப்னா சரக்குதானா?

எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்த விஷயம் வேறு. நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை 'பாரடைஸ் கராஜ்' என்ற கிளப் நடந்தது. லாரி லெவன் என்ற டி.ஜே.வுக்காகவே உலகம் முழுக்கப் பேசப்பட்ட இடம். அங்கே மது விற்கப்படவே இல்லை! சிகாகோவிலும் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பல இடங்கள் 'ஜூஸ் பார்' வகையைச் சேர்ந்தவை. மது விற்கும் உரிமம் இல்லாததால்தான், மதுக்கடை மூடும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விடிய விடிய ஆட முடிந்தது.

ஆக, ஹவுஸ் மியூசிக் வளர்ந்த இடங்களில் ஆட்டம்தான் முதலில் இருந்தது. பாட்டில் பிறகு வந்து சேர்ந்தது. நாம் அதைப் பாட்டிலோடு சேர்த்தே இறக்குமதி செய்துகொண்டோம். ஆட ஆசைப்படுகிற, ஆனால் குடிக்காத ஒருவருக்கு நம் ஊரில் ராத்திரி என்ன இடம் இருக்கிறது? கல்யாண ரிசப்ஷனும் கோயில் திருவிழாவும் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

2025-ல் இந்திய நகரங்களில் 'காபி ரேவ்' என்று ஒன்று பேசப்பட்டது. காலையிலோ மதியத்திலோ காபி ஷாப்பில் டி.ஜே.வை வைத்து, கையில் காபியோடு ஆடுவது. பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. எனக்கென்னவோ அது பழைய ஜூஸ் பார் வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோலத்தான் தெரிகிறது.

அந்த செல்போன் வெளிச்சம்

பத்தே முக்கால் இருக்கும். நான் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒரு வெளிச்சம் அடித்தது. கண்ணைத் திறந்தால், எதிரே ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். அவர் எடுத்தது தன் நண்பர்களையா, எங்களையா என்று தெரியவில்லை. ஆனால் ஃப்ரேமில் நான் இருந்தேன்.

ஒரு நொடியில் கால் நின்றுவிட்டது. அந்த வீடியோ இன்ஸ்டாவில் ஏறி, பாலுச்செட்டி சத்திரம் பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் கையில் வந்து, எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விழுவது வரை மனதுக்குள் ஓடிவிட்டது. 'பொண்ண வேலைக்கு அனுப்பினா இப்படித்தான்' என்று அப்பாவிடம் யார் முதலில் சொல்வார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

தோழி நேராகப் பெண் பவுன்சரிடம் போனாள். அந்த அக்கா வந்து, அமைதியாக ஆனால் உறுதியாக, "டெலீட் பண்ணுங்க சார். ரீசன்ட்லி டெலீட்டட்லயும் போய்ப் பண்ணுங்க" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்.

ஜெர்மனியின் பெர்லினில் 'பெர்கைன்' போன்ற பெயர் பெற்ற கிளப்புகளில் உள்ளே போகும்போதே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதர்கள் ஆடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் பெண்களுக்கு இலவச நுழைவு கொடுப்பதைவிட அந்த ஸ்டிக்கரைக் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகும் ஆடினேன். ஆனால் கண்ணை மூடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். வெளிச்சத்தில் எல்லோரும் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வெளியே வந்தால் காதில் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம். தோழியின் வீட்டுக்குப் போய், அவள் அம்மா எடுத்துவைத்திருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுப் படுத்தபோது மணி ஒன்று.

முதல் முறை போறீங்களா?

* திரும்பி வருவது எப்படி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போவது பிறகு. ஹாஸ்டல் கேட் நேரம், வண்டி, கூட வருபவர் எல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். போனில் லைவ் லொகேஷன் பகிருங்கள்.

* உங்கள் டம்ளர் உங்கள் கையில். கீழே வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள்.

* காது முக்கியம். பொழுதுபோக்கு இடங்களில் சத்தம் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இயர் பிளக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

* அடுத்தவரை அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். உங்களை எடுத்தால் பவுன்சரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

* அவசர உதவிக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பன்னெண்டு மணிக்கே முடிச்சிட்டாங்களா?"

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். பொய் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் திண்ணையில் ஆயாவும் அம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டேன். கிளப், ஆட்டம், லைம் சோடா, செல்போன், எல்லாம்.

அம்மா பேசவில்லை. ஆயாதான் முதலில் கேட்டது. "விடிய விடிய ஆடினீங்களா?"

"இல்ல ஆயா. பன்னெண்டுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு."

"அடச்சீ. பன்னெண்டு மணிக்கே முடிச்சிட்டாங்களா? அது இன்னா ஆட்டம்? எங்க காலத்துல அப்பத்தான கட்டியக்காரனே வந்து நிப்பான்!"

ஆயா சொன்னது கூத்தை. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடந்தால், பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடி பதித்த கிரீடமும் தோள் கட்டைகளும் மார்புக் கட்டையும் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு. மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை. ராத்திரி ஆரம்பித்தால் பொழுது விடியும்போதுதான் மங்களம் பாடுவார்கள்.

"பாயி, பொரி, வேர்க்கடலை எல்லாம் கட்டிக்கினு நாலு ஊரு தாண்டி நடந்து போவோம். பொட்டச்சிங்க பத்துப் பேரு சேர்ந்தாப் போதும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பசங்க தூங்கிப்பூடும். பாஞ்சாலி துகில் உரியிறப்ப மட்டும் எழுப்பி உக்கார வெப்போம்" என்றது ஆயா.

எனக்குச் சட்டென்று ஒரு ஞாபகம். ஏழெட்டு வயதில் ஆயா மடியில் படுத்து அரைத் தூக்கத்தில் கேட்ட மிருதங்கச் சத்தம். கர்ணன் சுற்றிச் சுற்றி ஆடும்போது பூமி வழியாக முதுகில் ஏறும் அந்த அதிர்வு. கிளப்பில் 'டும்' திரும்பி வந்தபோது நான் ஏன் குதித்தேன் என்று இப்போது புரிந்தது. அந்த அடி எனக்குப் புதிது இல்லை.

"நீயும் ஆடுவியா ஆயா?"

"நானா? பொம்பளைங்க எங்கடி ஆடறது? திரௌபதை வேசமே ஆம்பளதான் கட்டுவான். நாங்க உக்காந்து பாக்கறதோட சரி."

அதுவரை சும்மா இருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "உங்க ஆயா பொய் சொல்லுது. ஒருதரம் ஆடியிருக்கு. தீமிதி அன்னிக்கி. பம்பை அடிக்க அடிக்க சாமி வந்து, தல முடியெல்லாம் அவுந்து, அர மணி நேரம். நான் சின்னப் பொண்ணு, பயந்து அழுதேன். எல்லாரும் கால்ல வுழுந்து குறி கேட்டாங்க."

ஆயா கீரையைப் பார்த்தபடியே சொன்னது. "அது அம்மன் ஆடினது."

"அம்மன்தான் ஆடிச்சோ, நீதான் ஆடினியோ" என்றார் அம்மா.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

சுருங்கிப்போன ராத்திரி

சாமி வந்தால் மட்டும்தான் ஆடலாம் என்றிருந்த நிலை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் இயங்கும் கட்டைக்கூத்து சங்கம், கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் முன்னின்று நடத்துவது. 1990-ல் தொடங்கிய சங்கம் அது. 2002-ல் அவர்கள் ஆரம்பித்த குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்து பழகினார்கள். கட்டை கட்டி, மேடை ஏறி, ராத்திரி முழுக்க ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே பரம்பரையாக ஆடிவந்த கலையில் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால், ராத்திரிதான் சுருங்கிவிட்டது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரலாம். அதுவும் வருடத்துக்கு 15 நாள்களுக்கு மேல் கூடாது. நோயாளிகள், கைக்குழந்தைகள், காலையில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தூக்கம் வேண்டும். விதி தப்பில்லை. ஆனால், மூடிய அறைக்கு அந்தத் தடை இல்லை. ஏ.சி. ஹாலுக்குள் இருக்கும் கிளப்புக்குப் பத்து மணி பிரச்னை கிடையாது. மைதானத்தில் பாய் விரித்து உட்காரும் கூத்துக்கு உண்டு.

கூத்துக்கு டிக்கெட் இல்லை, வயது வரம்பு இல்லை, செருப்பைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்புவது இல்லை. ஆனால், பெண்கள் ஆட முடியாது. கிளப்பில் பெண்கள் ஆடலாம். ஆனால், பணமும் ஐடி கார்டும் வேண்டும், வீட்டில் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். எங்கள் ஆயாவுக்குக் கிடைத்த ராத்திரியும் எனக்குக் கிடைத்த ஆட்டமும் ஒரே இடத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அம்மா பாலுச்செட்டி சத்திரம் வரை பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்த பிறகுதான் பேசினார்.

"ஆடினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ராத்திரி ஒரு மணிக்கி நீ எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியல பாரு, அதான். ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் உன்ன எங்கன்னு போயித் தேடறது? அடுத்தவாட்டி சொல்லிட்டுப் போ. நான் போன கையிலயே வெச்சுக்கினு முழிச்சிருக்கேன்."

சரி என்றேன். பஸ் வந்துவிட்டது.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அப்பா, கூப்பிடுங்க. பேசலாம்.